தோட்டா கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ஆவணி பிறந்தும் மழையைக் காணோம், கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. முந்தாநாள் நீ போனில் கேட்டதற்கு நான் வாயெடுப்பதற்குள் பிள்ளை அழுகிறான் என்று வைத்துவிட்டாய். அவசரத்தில் சொல்கிற விஷயமும் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். உன் தங்கச்சி படம் எடுத்து அனுப்புவாள், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

அமெரிக்காவில் பச்சை அட்டை கிடைத்து, கொலராடோவில் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்துவிட்டாய், சந்தோஷம். சிநேகிதர் பண்ணையில் பிரெய்ரி டாக் என்கிற அணில் இனப் பிராணி வளை தோண்டி மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்குகிறது, கயோட்டி என்கிற நரி மாதிரிப் பிராணி கன்றுக்குட்டியைத் தூக்குகிறது, அதற்கொரு துப்பாக்கி வேண்டும். உரிமம் எடுத்து மியூல் மான் வேட்டைக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் என்றால் எந்தத் தோட்டா? ஒருத்தர் .22-250 என்கிறார், இன்னொருத்தர் .30-06 என்கிறார், தலை சுற்றுகிறது என்றாய்.

.243 வின்செஸ்டர் வாங்கு.

ஏன் என்று கேட்பாய். .22-250 கயோட்டிக்கு அருமையான தோட்டாதான். ஆனால் கொலராடோவில் மானுக்கு அதைத் தொடக் கூடாது. தோட்டா முனையிலிருந்து பறந்து போகிற குண்டின் விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 70 கிரெயினுக்கு (ஏறத்தாழ நாலரைக் கிராம்) குறையக் கூடாது, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். .30-06 அத்தனையையும் தாண்டும். ஆனால் தோளில் வாங்குகிற உதை .243-ஐப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. பிரெய்ரி டாக்குக்கு ஒரு காலையில் நாற்பது ஐம்பது தோட்டா போகும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிற பழக்கம் அங்கேதான் பிடிக்கும். பட்டாளத்து ரேஞ்சில், சுடப் பழகுகிற எத்தனை ரெக்ரூட்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன்! பிடித்துவிட்டால் விடுவிக்க மாதக்கணக்காகும்.

நான் பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக, இருந்தவன் என்பதால் இந்தத் தோட்டாவின் உருவமே எனக்குப் பழக்கம். எங்கள் பட்டாளத்து எஸ்.எல்.ஆர். ரைஃபிளில் போட்ட 7.62 தோட்டாவும் 1952-ல் வந்த .308 வின்செஸ்டரும் ஏறத்தாழ ஒரே உருவம். அந்த .308 உறையின் கழுத்தை 6 மில்லிமீட்டர் குண்டுக்குத் தக்கபடி இறுக்கி 1955-ல் வெளியிட்டதுதான் .243. பெரிய உறை, சின்ன வாய். வெடிமருந்து தாராளம், குண்டு லேசு, அதனால் வேகம்.

அதே 1955-ல் ரெமிங்டன் கம்பெனியும் அதே 6 மில்லிமீட்டர் குண்டுக்கு .244 என்று ஒன்றை இறக்கியது. உறை .243-ஐவிடச் சற்றுப் பெரிது. ஆனாலும் தோற்றது அதுதான். குழலுக்குள் திருகு மரை ஓடும் இல்லையா, அந்த முறுக்கில் இருக்கிறது காரணம். இதை வாங்குகிறவன் சின்னப் பிராணி சுடத்தான் வாங்குவான் என்று நினைத்து, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நிதானமான முறுக்கு வைத்தார்கள். லேசான குண்டுக்கு அது போதும். 100 கிரெயின் குண்டு நீளமானது. நீளக் குண்டை வேகமாகச் சுழற்றாவிட்டால் தலை ஆடும், நேரே போகாது. வின்செஸ்டர்காரர்கள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து 100 கிரெயின் குண்டையும் விற்றார்கள். ஒரே துப்பாக்கியில் மானும் சுட வேண்டும் என்று நினைத்த உன்னைப் போன்றவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1963-ல் ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலமாக்கி, பேரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தது. அதற்குள் சந்தை கைமாறிவிட்டது. பழைய துப்பாக்கி விலைக்கு வந்தால் குழலின் முறுக்கு என்ன என்று கேட்காமல் பணம் கொடுக்காதே.

தோட்டா இதுதான் என்று தீர்ந்தது. குண்டு விஷயம்தான் நான் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

.243-ல் 55, 58 கிரெயினிலிருந்து 100 கிரெயின் வரை குண்டு கிடைக்கும். 58 கிரெயின் என்பது அரைப் பவுன் தங்கத்துக்கும் ஒரு பொட்டுக் குறைவு. 100 கிரெயின் ஆறரைக் கிராம், அதாவது முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. லேசானது நொடிக்கு 3,700 அடிக்கும் மேலே பறக்கும், கனமானது ஏறத்தாழ 2,960 அடி. வேகமானதுதான் பலமானது என்று நினைத்துவிடாதே. சின்னப் பிராணிக்குச் செய்கிற குண்டின் செம்புத்தோல் மெல்லிசு, பட்டதும் பொடிப்பொடியாகச் சிதற வேண்டும் என்றே செய்கிறார்கள். தரையில் பட்டாலும் உடைந்துவிடும், தெறித்துத் தூரம் போவது குறைவு. ஆடு மாடு நிற்கிற பண்ணையில் அது நல்லது. அதே குண்டு மானின் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடும், நுரையீரலுக்குப் போகாது. மேலே பெரிய புண், உள்ளே உயிர்.

அந்தப் புண்ணை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், தம்பி. 1966, எனக்குப் பதினோரு வயது. உங்கள் அய்யா, அதான் என் அப்பா, வெள்ளாமைக் காவலுக்கு உரிமம் வாங்கி ஒரு கெட்டிப்புத் துப்பாக்கி வைத்திருந்தார். அன்றைக்குக் கவுதாரிக்காகப் பொடி ஈய ரவை போட்டுக் கெட்டித்திருந்தது. நான் பின்னாலேயே பை தூக்கிக்கொண்டு போனேன். கண்மாய்க் கரை இறக்கத்தில் ஒரு புள்ளிமான் நின்றது. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புகை விலகினபோது மான் இல்லை. கருவேலங்காட்டு ஓரத்தில் இலைமேல் மிளகளவு மிளகளவாக ரத்தம், எண்ணிவிடலாம் போல. இருட்டும் வரை தேடினோம், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காக்கை கூட்டம் காட்டிக் கொடுத்தது. தொடை முழுக்க ரவை தைத்திருந்தது, ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. முன்னங்காலால் மண்ணைக் கிளறிக் கிளறிக் கிடந்த தடம் அரை வண்டி அகலம் இருந்தது. அய்யா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தத் துப்பாக்கியைச் சுடவே இல்லை. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் வேட்டை முடிந்துபோனது.

ரவையில் குற்றமில்லை. கவுதாரிக்குக் கெட்டித்ததை மான் மேல் விட்டதுதான் குற்றம். அதே பிசகு .243-லும் நடக்கும். இரண்டு பெட்டியும் ஒரே அளவு, தோட்டாவும் பார்வைக்கு ஒரே மாதிரி. அதனால் மான் வேட்டைக்குப் போகிற அன்று சின்னக் குண்டுப் பெட்டியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போ. பையிலோ, வண்டியிலோ, சட்டைப் பையிலோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. போவதற்கு முன்னால் பை ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்.

மானுக்கு 95, 100 கிரெயினில் மான் வேட்டைக்கென்றே செய்த ஈயமுனைக் குண்டு போதும். என்னைக் கேட்டால் 80, 85 கிரெயின் முழுச் செம்புக் குண்டு இன்னும் மேல். சிதறாமல் பூப்போல விரிந்து ஆழமாக இறங்கும், கறியில் ஈயத்தூள் விழாது. அந்தக் கறியைத் தின்னப்போவது என் பேரன். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். கொலராடோவில் அந்தக் கட்டாயம் இல்லை, நீ செய்யலாம். பட்டாளத்துத் தோட்டா மாதிரி முனை வரை முழுக்க மூடின, விரியாத குண்டை மானுக்கு எடுக்காதே. போரில் விரியும் குண்டு கூடாது என்று 1899-ல் ஹேக்கில் தீர்மானித்தார்கள். அந்தக் குண்டுக்குப் பேர் வந்ததே நம் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையால்தான். வேட்டையில் கணக்கு தலைகீழ். மான் தவிக்காமல் விழ வேண்டும், அதற்குக் குண்டு விரிந்தாக வேண்டும். அந்த மாநிலச் சட்டமும் அதையே கேட்கிறது.

இரண்டு குண்டும் ஒரே இடத்தில் படாது. முதலில் மான் குண்டை 100 கெஜத்தில் ஜீரோ பண்ணு, அதாவது ஸ்கோப்பில் பார்க்கிற இடத்திலேயே படும்படி சரிசெய். ஸ்கோப்பைத் தொடாமல் அப்படியே சின்னக் குண்டில் ஐந்து சுடு. எத்தனை அங்குலம் தள்ளிப் படுகிறது என்று நோட்டில் எழுதி, அந்தத் தாளைத் துப்பாக்கிப் பெட்டி மூடிக்குள் ஒட்டிவை. குழல் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடானால் நிறுத்திவிடு. இந்தத் தோட்டா சூட்டில் குழலின் தொண்டையை, அதாவது குண்டு குழலுக்குள் நுழைகிற இடத்தை, சீக்கிரம் அரிக்கும். பிரெய்ரி டாக் வேலை நிஜமாகவே நூற்றுக்கணக்கில் போனால், அடுத்த வருஷம் அதற்கென்று மலிவாக ஒரு .223 ரைஃபிள் எடுத்துக்கொள்ளலாம். இப்போது வேண்டாம்.

தூரம் 200 கெஜத்துக்கு மேல் போகாதே. நம் வாசல் திண்ணையிலிருந்து கண்மாய்க் கலுங்கு இருக்கிறதே, அவ்வளவு தூரம். தோட்டா அதற்கப்பாலும் போகும், உன் கை இன்னும் போகாது. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால், உடம்பின் நடுவுக்குச் சற்றுக் கீழே பார். பின்னால் மண்மேடு இல்லையென்றால் எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் விட்டுவிடு. ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் போடாமல் இறங்காதே.

இன்னொன்று. மானுக்கு வருகிற, உடம்பை உருக்குகிற தேய்வு நோயை (chronic wasting disease) முதன்முதலாகக் கண்டதே உன் மாநிலத்தில்தான், 1967-ல், ஃபோர்ட் காலின்ஸில். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை இல்லை. ஆனாலும் நோய் கண்ட மானைத் தின்னாதே என்கிறார்கள், வேகவைத்தாலும் அந்த நோயை உண்டாக்குகிற கெட்ட புரதம் போகாது. தலையைச் சோதனைக்குக் கொடு. முடிவு வரும்வரை கறி ஃபிரீசரிலேயே இருக்கட்டும்.

நல்ல முடிவு வந்தால் போன் பண்ணு. உப்புக்கண்டம் போடுவதற்கு எந்தச் சதை, எவ்வளவு உப்பு, மஞ்சள் எப்போது என்று அம்மா நின்று சொல்ல வேண்டுமாம். அந்த ஊர்க் குளிரில் வெயிலுக்கு என்ன செய்வது என்றுதான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா