சதுர அங்குலம் ஒன்றேகால் டாலர்

அன்பு மகள் மீனாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். மழை வந்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடுகிறது, வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இரண்டு நாளாக என் மனதைவிட்டுப் போகவில்லை. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் பணப் பேச்சை எடுத்தாலே "சரிப்பா, விடுங்கப்பா" என்று பேரன் கையில் போனைக் கொடுத்துவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சந்தையில் நீ வைத்திருந்த க்வில்ட்டுக்கு, மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டுகிற அந்த 12 அங்குலத் துண்டுக்கு, 40 டாலர் என்று சீட்டு எழுதியிருந்தாய். யாரோ ஒருவர் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு துணிக்கா இந்த விலை?" என்று கேட்டாராம். அவர் நகர்ந்ததும் நீ சீட்டை எடுத்து 25 என்று மாற்றி எழுதினாயாம். அப்புறம் பத்து நிமிஷத்தில் விற்றுப்போனது என்று சந்தோஷமாகச் சொன்னாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லையம்மா.

அந்தத் துண்டு உருவானதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். போன ஐப்பசியில் நாங்கள் அங்கே வந்திருந்தபோதுதான் அதைத் தொடங்கினாய். மைதாவைத் தோசைமாவு பதத்துக்குக் கரைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் இழுத்துப் பூசினாய். ஒரு நாள் முழுக்கக் காய்ந்ததும் துணி அப்பளம் மாதிரி விறைத்து, ஓரமெல்லாம் சுருண்டுகொண்டது. அதை இரண்டு கையாலும் கசக்கினாய். மாவு நொறுங்கி விரிசல் விட்டது. அந்த விரிசலுக்குள் பிரஷ்ஷால் சாம்பல் நிறத்தையும் செம்மண் நிறத்தையும் தேய்த்துத் தேய்த்து இறக்கினாய். சாயம் பிடித்த பிறகு தண்ணீரில் ஊறவைத்து மாவைச் சுரண்டி எடுத்தாயே, அப்போது துணியில் மெல்லிசாக நரம்பு நரம்பாகக் கோடு விழுந்து, பழைய கல்லின் தோல் மாதிரி இருந்தது. நீ எதுவும் சொல்லவில்லை. ஆனால் அது எந்தக் கல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 32 வருஷம் நான் முதுகு சாய்த்து உட்கார்ந்து தைத்த, கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துத் தூண். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தத் தூணடியில்தானே வெட்டுத்துணி பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

அன்றைக்கு நான் எழுந்து பால்கனிக்குப் போனது வெயில் காயத்தான் என்று நீ நினைத்திருப்பாய்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மாவு பூசி நிறம் இறக்குவதற்குக் கைவேலை மட்டும் 4 மணி நேரம். வெட்டி அடுக்கி, அந்தச் சிவப்பு வெல்வெட் கீற்றை எங்கே வைப்பது என்று பார்த்தது 3 மணி நேரம். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்து மிஷினில் நெருக்கமாக ஓட்டியது 5 மணி நேரம். ஓரம் மடித்து, சுவரில் மாட்டுவதற்குப் பின்பக்கம் குழல் வைத்துத் தைத்தது 2. ஆக 14 மணி நேரம். துணி, பஞ்சு, நூல், சாயம் எல்லாம் சேர்த்து 6 டாலர் என்று நீயே சொன்னாய். சந்தையில் மேஜை வாடகையில் அந்தத் துண்டின் பங்கு 5 டாலர் என்று வை. 25இல் 11 போக மீதி 14. உன் ஒரு மணி நேரம் ஒரு டாலருக்குப் போயிருக்கிறது. டெக்சாஸில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7.25 டாலர், அதுவும் 2009இல் வைத்ததுதான் இன்னும் இருக்கிறது என்று மாப்பிள்ளை ஒருநாள் காரில் போகும்போது சொன்னார். படித்த பெண், தையல் தெரிந்த பெண், அதில் ஏழில் ஒரு பங்குக்கு உட்கார்ந்திருக்கிறாய்.

உனக்கு ஏன் இப்படி ஆனது என்றும் யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் வேலை விசாவோடு ஒட்டிவந்த எச்-4 விசாவில் இருந்த ஏழு வருஷமும் நீ ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. தைத்ததையெல்லாம் கொடுத்தாய். கொலுவுக்கு வந்தவர்களுக்கு, பேரனின் டீச்சர்களுக்கு, பியர்லேண்ட் மீனாட்சி கோயிலில் பழகினவர்களுக்கு என்று எத்தனை! வாங்கினவர்கள் "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று சொல்வார்கள், நீயும் அதோடு திருப்தியாகிவிடுவாய். வேலை அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. விலை சொல்லும்போது ஏதோ தப்புச் செய்கிற மாதிரி குரல் இறங்கிவிடுகிறது. சந்தையில் உன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நானே கேட்டேன்.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடுவார்களே, சல்லடம், உருமால், அந்த உடுப்பு தைக்கிற பருவம். மண்டபத்தில் எங்கள் எல்லோருக்கும் பங்குனி பிறந்தால் தூக்கம் கிடையாது. ஒரு வியாபாரி வந்து நூறு செட் மொத்தமாக வேண்டும் என்றார். செட்டுக்கு 5 ரூபாய் குறைத்தால் எனக்கே தருவதாகச் சொன்னார். உன் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது. நான் ஒத்துக்கொண்டேன். ராத்திரி பகலாகத் தைத்துக் கொடுத்தேன், அம்மாவும் கூட உட்கார்ந்து ஜிகினா வைத்துத் தைத்தாள். அடுத்த வருஷம் அதே வியாபாரி பக்கத்துத் தூண் அண்ணனிடம் போய், "போன வருஷம் இந்த ரேட்டுக்குத்தான் தைத்தார்கள்" என்றிருக்கிறார். வரிசையில் எல்லோருக்கும் அந்த ரேட்டே நின்றுவிட்டது. நாலு வருஷம் ஏறவில்லை. பக்கத்துத் தூண் அண்ணன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. டீ வந்தால் எனக்கு மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்கு வாங்குவார். அவர் கோபம் நியாயம்தான். மண்டபத்துக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய நாளில் அவர் மிஷினை நான்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போனேன். அப்போதும் எனக்கு அந்த 5 ரூபாய் ஞாபகம்தான்.

உன் மேஜைக்கு எதிர் மேஜையில் ஒரு வயசான அமெரிக்க அம்மா அதே 12 அங்குலத்துக்கு 160 டாலர் என்று வைத்திருந்தார்களே, நீ 25க்கு விற்கும்போது அவர்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாயா?

நம் மதுரைச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள். கடுகு அளவு முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, உலர்த்தி, இழுத்துப் பிரிக்கிற சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் போய்ச் சுங்குடி கேட்டால் பெரும்பாலும் மெழுகு அச்சோ பிரிண்ட்டோதான் எடுத்துப் போடுகிறார்கள். பெயர் ஒன்றாகவும் விலை பாதியாகவும் இருந்தால் முடிச்சுப் போடுகிறவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? அந்தத் தெருக்களில் இப்போது முடிச்சுப் போடுகிற கை குறைந்துவிட்டது.

ஹூஸ்டனில் அந்தப் பெரிய க்வில்ட் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப்போனாயே, ஜார்ஜ் பிரவுன் அரங்கத்துக்கு, அதை நான் மறக்கவே மாட்டேன். அவ்வளவு பெரிய கூடத்தில் வரிசை வரிசையாகத் தையல் வேலை மட்டும்! யாரும் எதையும் தொடவில்லை. ஒரு க்வில்ட்டின் முன்னால் நின்று இதன் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று நான் உன்னிடம் தமிழில் கேட்டேன். நீ போய்ச் சொன்னதும் வெள்ளைக் கையுறை போட்ட ஓர் அம்மா வந்து, ஓரத்தை மெதுவாகத் தூக்கி எனக்குக் காட்டினார்கள். பின்பக்கத்தில் ஒரு நூல் முனை வெளியே தெரியவில்லை. மேல் நூலும் அடி நூலும் ஒன்றை ஒன்று இழுக்காமல் நடுவில் கட்டிக்கொண்டு நின்றன. நான் அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டேன். என் வேலையின் பின்பக்கத்தை அப்படிக் கையுறை போட்டுக்கொண்டு யாரும் தூக்கிப் பார்த்ததில்லை, ஆனால் ஒரு தையற்காரனுக்கு அதைவிட மரியாதை வேறென்ன?

வரும்போது காரில் நீதான் சொன்னாய்: 1971இல் நியூயார்க்கில் விட்னி மியூசியத்தில் பழைய க்வில்ட்களை ஓவியம் மாதிரிச் சுவரில் மாட்டினார்கள், அதற்கப்புறம்தான் படுக்கையில் கிடந்ததை ஜனங்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள் என்று. 1989இல் தொடங்கிய ஸ்டூடியோ ஆர்ட் க்வில்ட் அசோசியேட்ஸ் என்கிற சங்கம் 12 அங்குலத் துண்டுகளை ஏலம் விடுவதையும் சொன்னாய். முதல் நாள் ஆயிரம் டாலரில் ஆரம்பித்து நாளாக நாளாக விலையை இறக்குவார்களாம். இவ்வளவும் தெரிந்த நீ ஒரு வழிப்போக்கர் சொன்ன ஒரு வார்த்தைக்குச் சீட்டை மாற்றியிருக்கிறாய். போர்வை என்று பார்த்தால் 12 அங்குலம் யாருக்கும் போர்த்தாது. நீ போர்வை விற்கவில்லையே.

எனவே நான் ஒரு ரேட் போட்டிருக்கிறேன். உங்கள் ஊரில் சதுர அங்குலக் கணக்கில் விலை வைப்பவர்கள் உண்டு என்றாய், அதையே எடுத்துக்கொண்டேன். சதுர அங்குலத்துக்கு ஒன்றேகால் டாலர். 12க்கு 12 என்றால் 144 சதுர அங்குலம், 180 டாலர். கடையில் கொடுத்து வைத்தால் பாதியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றாயே, மீதி 90. சாமானுக்கு 6 போனால் 84. இதற்கு நீ உன் நேரத்தையும் குறைக்க வேண்டும். ஒரு துண்டுக்காக ஒரு தடவை மாவு கரைக்காதே. நாங்கள் ஜாக்கெட் வெட்டும்போது ஒன்று ஒன்றாகவா வெட்டுகிறோம்? ஒரு கெஜம் துணிக்கு மொத்தமாகப் பூசு. 44 அங்குல அகலத்தில் 12 அங்குலத் துண்டு ஒன்பது கிடைக்கும். அப்போது துண்டுக்குப் பத்து, பத்தரை மணி நேரத்தில் முடியும். மணிக்கு 8 டாலர் கையில் நிற்கும். இதுவே குறைவுதான், ஆனால் சொல்லக் கூசாத கூலி.

ஓரத்தில் மிஞ்சுகிற கீற்றுகளில் அந்தத் தபால் அட்டை அளவு, 4க்கு 6, செய். அதே ரேட்டில் 30 டாலர் வரும். கையில் பணம் குறைவாக இருக்கிறவர்கள் அதை வாங்கிக்கொள்ளட்டும். பெரிய துண்டின் விலையை அவர்களுக்காகக் குறைக்காதே. கடையில் ஒரு விலை, சந்தையில் ஒரு விலை என்றும் வைக்காதே. கடைக்காரர் காதுக்குப் போனால் உன் சரக்கை உள்ளே தள்ளிவிடுவார்.

இன்னும் இரண்டு விஷயம். உன் இடது கீழ் மூலை தடிக்கிறது. நாலு துண்டில் பார்த்தேன், நாலிலும் அதே மூலை. அங்கே வரும்போது அவசரப்படுகிறாய். மடிப்புக்குள் இருக்கிற பஞ்சைக் கத்திரியால் சாய்வாக எடுத்துவிட்டு மடி. அப்புறம், தைத்த துண்டுகளைச் சமையலறைப் பக்கம் மாட்டி வைக்காதே. தாளித்த வாசனை பஞ்சில் ஏறினால் இறங்காது. மஞ்சள் தூளில் சாயம் போட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னாய், விற்கிற துண்டில் வேண்டாம். வெயில் பட்டால் மாசக்கணக்கில்கூட நிற்காது, வாங்கினவர்கள் உன்னைத்தான் நினைப்பார்கள். மாதுளைத் தோல் போடு. கறுப்புக்குக் கடுக்காய் இருக்கிறது. கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ந்த துணியில் இரும்புத் துரு ஊறிய தண்ணீரைத் தொட்டு வைத்தால் கண் முன்னாலேயே கறுக்கும். கலம்காரிக்காரர்கள் கோடு போடுவது அப்படித்தான்.

கடுக்காய் ஒரு கிலோ பார்சலில் வைத்திருக்கிறேன். தேரில் தொங்கவிடுகிற தொம்பை தைத்ததில் மிஞ்சிய வெட்டுத்துணி, சிவப்பும் பச்சையும் மஞ்சளும், தனிப்பையில் இருக்கிறது. அம்மா தன் பழைய சுங்குடி ஒன்றைக் கொடுத்திருக்கிறாள், நீ கைக்குழந்தையாக இருந்தபோது கட்டினது. நடுவில் கிழிந்திருக்கிறது, முந்தானைப் பக்கம் நன்றாக இருக்கிறது. அதை இஸ்திரி போட்டுவிடாதே. இத்தனை வருஷம் துவைத்தும் அங்கங்கே புள்ளியில் முடிச்சின் புடைப்பு இன்னும் இருக்கிறது, விரலை வைத்துப் பார்.

தூண் துண்டு விற்றுப்போய்விட்டது. அதே மாதிரி இன்னொன்று வராது என்று எனக்குத் தெரியும், மாவு ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரித்தான் விரியும். ஆனாலும் எனக்கு ஒன்று வேண்டும். மிஷினுக்கு மேலே சுவரில் ஆணி அடித்துவிட்டேன். 12க்கு 12. பணத்தைத் தம்பி மூலமாக உன் கணக்குக்குப் போடச் சொல்லியிருக்கிறேன், 180 டாலர், அன்றைய ரேட்டில் ரூபாயாக. அப்பாவிடம் வாங்குவதா என்று திருப்பி அனுப்பாதே. சீட்டில் விலையை எழுதி, துண்டின் பின்னால் குத்தி அனுப்பு.

பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா
மதுரை