விண்மீன் தீப்பற்றிப் பிறப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் விண்மீன்களின் பிறப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதில், "வாயுவும் தூசியும் கலந்த மேகம் தீப்பற்றி எரியும்போது புதிய விண்மீன் பிறக்கிறது" என்று ஒரு வரி. முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை.

என் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள்தான் முதலில் பார்த்தாள். "தாத்தா, குளிர்லதான் நட்சத்திரம் பிறக்குதுன்னு நீங்க சொன்னீங்க. பேப்பர்ல நெருப்புன்னு போட்டிருக்கே?" என்று இணைப்பை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். அச்சில் வந்ததை நம்புவதா, தாத்தாவை நம்புவதா என்று அந்தப் பிள்ளை தவித்ததைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. அந்த மேகங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன். அடுத்தது ஹீலியம். தூசியின் எடை நூற்றில் ஒரு பங்குதான். விண்மீன் உருவாகும் இடத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 260 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிர்தான் காரணமே! வாயு சூடாக இருந்தால் விரிந்துகொண்டே போகும், தன் எடை உள்ளே இழுப்பதை எதிர்த்து நிற்கும். குளிர்ந்துவிட்டால் அந்த எதிர்ப்பு தளர்ந்துபோகிறது. மேகம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளே சரிகிறது. எவ்வளவு குளிர்ச்சிக்கு எவ்வளவு எடை இருந்தால் சரியும் என்பதற்கான கணக்கின் அடிப்படையை ஆங்கிலேய இயற்பியல் அறிஞர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சரிந்து இறுகும்போதுதான் நடுப்பகுதி சூடாகிறது. இதைப் புரியவைக்க வகுப்பில் சைக்கிள் பம்பை வேகவேகமாக அடிக்கச் சொல்லி, அதன் அடிப்பகுதியைப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். சுரீரென்று கையை இழுத்துக்கொள்வார்கள். "தீ வைத்தோமா? அழுத்தினோம், அவ்வளவுதானே?" என்று கேட்பேன். கடைசிப் பெஞ்சுப் பையனுக்கும் அது மறக்காது. மேகத்தின் நடுவில் வெப்பம் ஏறி ஏறி ஒரு கோடி டிகிரியைத் தொடும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் ஆகத் தொடங்குகின்றன. விண்மீனின் ஒளி அதிலிருந்து வருவது. அடுப்பில் விறகு எரிவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நம் சூரியன் போன்ற ஒன்று அந்த நிலைக்கு வந்து நிலைபெறச் சில கோடி ஆண்டுகள் ஆகும்.

அந்த ஒரு வரியோடு போயிருந்தால் அச்சுப் பிழை என்று விட்டிருப்பேன். கூடவே ஒரு படம். விண்மீன்கள் நிறைந்த வானத்தின் நடுவே மைத்தீற்றல் போல ஒரு கறுப்புத் திட்டு. கீழே, "இங்கே எதுவுமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்தத் திட்டின் பெயர் பர்னார்ட் 68. சூரியனைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள வாயுவும் தூசியும் அதற்குள் இருக்கின்றன. பின்னால் இருக்கும் விண்மீன்களைத் தூசி மறைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, தூசியைக் கடந்து வரக்கூடிய அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் அதே இடத்தில் அந்த விண்மீன்கள் தெரிகின்றன. வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல் போன்ற பெரியவரே இப்படிப்பட்ட இடங்களை வானத்தில் விழுந்த ஓட்டை என்று நினைத்தார், ஆனால் அது 18ஆம் நூற்றாண்டு. ஒன்பது வயதில் போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குப் போன ஏழைப் பையன் எட்வர்ட் பர்னார்ட், பிற்காலத்தில் இரவெல்லாம் விழித்து வானத்தைப் படம் பிடித்து, 1919இல் 182 இருண்ட திட்டுகளைப் பட்டியல் போட்டார். அவர் உழைப்பின் மேல் "எதுவுமே இல்லை" என்று எழுதிவிட்டீர்களே.

இதற்கு முன்பும் எழுதியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன், தொலைவின் அளவான ஒளியாண்டைக் காலத்தின் அளவு என்று போட்டீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, பதில் வரவில்லை. அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்புறம் வியாழக்கிழமை தோறும் வந்துகொண்டிருந்த அறிவியல் பக்கம் அரைப்பக்கமானது, பிறகு நின்றே போனது. மாணவர்கள் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று வாசகருக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நட்சத்திர பலன் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. அதை நிறுத்தச் சொல்லவில்லை, என் மனைவியே தினமும் படிக்கிறாள். ஆனால் அதில் தினமும் அச்சாகிற திருவாதிரை வானத்தில் எங்கே இருக்கிறது என்று ஒருநாளாவது சொன்னதுண்டா? தை மாதம் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அதற்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாக மின்னுவது திருவாதிரை. மறுபக்கம் சின்னதாக இன்னொரு வரிசை. அதன் நடுவில் இருப்பது மட்டும் கூர்மையாகத் தெரியாமல் கொஞ்சம் கலங்கித் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா என்கிற வாயு, தூசி மேகம். சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இன்றைக்கும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். கருவி எதுவும் வேண்டாம், இருட்டு இருந்தால் போதும்.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு இரண்டு முறை மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்து வாயடைத்து நின்ற பிள்ளைகள், வெளியே வந்து வெறும் கண்ணால் அந்தக் கலங்கலைப் பார்த்தபோதுதான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். ஒருத்தி, "சார், அங்க இப்ப குளிருமா?" என்றாள். என் பணிக்காலத்தில் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. அந்தப் பெண்ணும் உங்கள் நாளிதழ் வாசிப்பவள்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். "தீப்பற்றி" என்பதை எடுத்துவிட்டு "குளிர்ந்து, தன் எடையால் சரிந்து" என்று இருக்கட்டும். படத்துக்குக் கீழே பர்னார்ட் 68 என்ற பெயரைப் போடுங்கள். என் பெயரோ கடிதமோ வர வேண்டியதில்லை. பேத்தி இணைப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். திருத்தம் வந்ததும் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருப்பத்தூர் மாவட்டம்