மகாராஷ்டிர கேசரி: ஒரு பட்டம், ஒரு ஏடு

மகாராஷ்டிர மாநிலக் குஸ்திகீர் பரிஷத், மகாராஷ்டிர மாநிலக் குஸ்திகீர் சங்கம் ஆகிய இரு அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மண் கோதாவிலும் மெத்தையிலும் பயிற்சி கொடுப்பவர்களும் புள்ளித்தாள் எழுதுபவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. மகாராஷ்டிர மல்யுத்தத்தின் தலையாய பட்டம் மகாராஷ்டிர கேசரி. ஆண்டுக்கு ஒரே கேசரி இருக்க வேண்டும், அவர் எப்படி வென்றார் என்பது யாரும் எடுத்துப் பார்க்கும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

உங்கள் இரு அமைப்பும் தனித்தனியே போட்டி நடத்தியதால் ஒரே பட்டம் இருவருக்குப் போயிருக்கிறது. 2023 நவம்பரில் புனே அருகே ஃபுல்காவில் நடந்த இறுதிப் போட்டியில் சிவராஜ் ராக்ஷேயை வீழ்த்தி சிக்கந்தர் ஷேக் பட்டம் பெற்றார். அதே மாதம் தாராசிவில் நடந்த இன்னோர் இறுதியில் ஹர்ஷவர்தன் சத்கீரை வென்று சிவராஜ் ராக்ஷேயும் பட்டம் பெற்றார். முதல் கோதாவில் தோற்றவர் சில நாளிலேயே இரண்டாவது கோதாவில் அதே பட்டத்துக்கு உரியவர் ஆனார். 2025இலும் இதே நிலைதான். பிப்ரவரியில் அகில்யாநகரில் பிருத்விராஜ் மோஹோல், மார்ச்சில் கர்ஜத்தில் வேதாள் ஷெல்கே. முதலில் நடந்ததற்கு 67ஆவது போட்டி என்று பெயர், பின்னால் நடந்ததற்கு 66ஆவது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இளம் மல்லருக்கு எந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது? இருவருமே உழைத்து வென்றவர்கள். அவர்களில் யாரையும் பாதிக் கேசரி ஆக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மாமாசாகேப் மோஹோல் முன்னின்று 1953இல் பரிஷத்தைத் தொடங்கினார். 1961இல் அவுரங்காபாத்தில் நடந்த முதல் கேசரி போட்டியில் தின்கர் தஹ்யாரி வென்றார். அதற்குப் பின் போட்டி ஒரே ஊரில் தங்கியதில்லை. 1964இல் அமராவதி, 1965இல் நாசிக், இரண்டிலும் கண்பத் கேட்கர். 1969இல் லாத்தூரில் வென்ற ஹரிச்சந்திர பிராஜ்தார், மறு ஆண்டே எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். 1970, 1971 இரண்டு ஆண்டும் வென்ற தாது சௌகுலே 1974 காமன்வெல்த்தில் வெள்ளி வாங்கினார். நர்சிங் யாதவ் 2011 முதல் 2013 வரை, விஜய் சௌதரி 2014 முதல் 2016 வரை, ஆளுக்கு மூன்று முறை தொடர்ந்து வென்றார்கள். மாமாசாகேப் நினைவாக வழங்கப்படும் வெள்ளிக் கதாயுதத்துக்கு மதிப்பு வந்தது இந்தப் பெயர்களால்தான்.

இந்தப் பட்டியலில் நாங்கள் மிகவும் மதிக்கும் இடம் ஒன்று உண்டு. 1963இல் சாத்தாராவில் முடிவு கிட்டவில்லை. அந்த ஆண்டுக்கு நேராக யார் பெயரும் இல்லை. கூட்டத்தைச் சமாதானப்படுத்த யாராவது ஒருவர் கையைத் தூக்கிவிட்டிருக்கலாம், தூக்கவில்லை. முடிவு தெளியாவிட்டால் பட்டமும் இல்லை என்று முடிவெடுத்தவர்கள் தொடங்கி வைத்த போட்டி இது.

இனி தீர்ப்பு விஷயம். போட்டி மண், மெத்தை என்று இரண்டு பிரிவாக நடக்கிறது. 2023 ஜனவரியில் புனேயில் மண் பிரிவுப் போட்டி ஒன்றில் வெளிக்கால் பிடிக்கு (எதிராளியின் காலை வெளியிலிருந்து தடுத்து வீழ்த்துவது) 4 புள்ளி கொடுத்தது பெரிய சர்ச்சை ஆனது. நின்ற நிலையிலிருந்து எறியப்பட்டவரின் முதுகு நேராகத் தரையைப் பார்த்து விழுந்தால், அதாவது முதுகுக்கும் தரைக்கும் இடைக் கோணம் 90 பாகைக்குக் குறைந்தால், 4. இடுப்போ கையோ முதலில் ஊன்றி, முதுகைக் காட்டாமல் கீழே போனால் 2. இந்த இரண்டுக்கும் நடுவே கால் விநாடிகூட இருக்காது. நடுவர் மல்லரின் முதுகுப் பக்கம் நின்றால் முதலில் ஊன்றிய கை அவர் கண்ணில் படாது.

2025இல் அகில்யாநகரில் மெத்தைப் பிரிவில் வந்த தகராறு இரண்டு தோளும் படிந்தனவா என்பது. இரண்டும் படிந்தால் அதற்கு வீழ்ச்சி என்று பெயர், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அந்தத் தகராறு ஒரு மல்லர் நடுவரைத் தாக்கும் அளவுக்குப் போனது. அதே நாள் இறுதிப் போட்டியிலும் தோற்றவர் பாதியில் களத்தை விட்டு வெளியேறினார். தாக்கியவர், வெளியேறியவர் இருவருக்கும் மூன்றாண்டுத் தடை. நடுவர் மேல் கை வைப்பதை நாங்கள் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டோம், தடை சரி. ஆனால் தோள் படிந்ததா என்ற கேள்விக்குத் தடை பதில் ஆகாது.

தோள் படிந்ததைப் பார்ப்பது எப்படி என்று உங்கள் நடுவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறோம். நடுவர் மெத்தையில் வயிறு படியப் படுத்து, கீழிருப்பவரின் தோள்களுக்கும் மெத்தைக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு தோளும் ஒரே நேரத்தில் பட்டு, மேலே இருப்பவரின் பிடி உறுதியாக இருக்க வேண்டும். உருளும்போது ஒரு தோள் பட்டு, அது எழுந்தபின் மற்றது பட்டால் வீழ்ச்சி ஆகாது. பக்க நடுவரோ, தீர்ப்பை மேற்பார்க்கும் மெத்தைத் தலைவரோ ஒப்புதல் சைகை காட்டியபின்தான் மெத்தையைத் தட்டி விசில் ஊத வேண்டும். பெரும்பாலும் பிழை நேர்வது கடைசிப் படியில்தான். கூட்டம் எழுந்து கத்தும், நடுவர் தலைவரைப் பார்க்காமலே தட்டிவிடுவார்.

மண்ணில் முன்பெல்லாம் முதுகில் ஒட்டிய மண்ணே சாட்சி. ஆனால் பிடிக்கு வசதியாக இருவரும் ஒருவர் மேல் ஒருவர் மண் தேய்த்துக்கொள்வார்கள், முதல் நிமிடத்திலேயே முதுகு சிவந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சாட்சியும் செல்லாது. மெத்தையில் தடயமே கிடையாது. ஆகவே கேமரா வேண்டும், அதுவும் சரியான இடத்தில் வேண்டும். மேடைக்கு எதிரே உயரத்தில் வைக்கும் ஒளிபரப்புக் கேமராவில் தோளுக்குக் கீழே உள்ள இடைவெளி தெரியவே தெரியாது. எதிரெதிர் மூலைகளில் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் இரண்டு, நேர் மேலே ஒன்று என்று மூன்று இருந்தால் போதும். விநாடிக்கு 50 படமாவது எடுக்க வேண்டும், ஷட்டர் வேகத்தையும் கூட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கொளியில் படம் கலங்கி, மெதுவாக ஓட்டினாலும் எதுவும் தெரியாது. மெத்தையைச் சுற்றி 3 மீட்டருக்குள் நடுவர்கள், பயிற்றுநர்கள், மருத்துவர் தவிர யாரும் நிற்கக் கூடாது. பிரமுகர்களும்தான். இப்போது அந்தத் தாழ்ந்த கேமராவை மறைப்பது பெரும்பாலும் அவர்களுடைய கால்கள்.

இன்னொன்று, மண்ணில் வென்றவரும் மெத்தையில் வென்றவரும் இறுதியில் மோதுவது மெத்தையில். இந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லவில்லை, உலக அரங்குக்குப் போகும் வழி மெத்தைதான். ஆனால் மண் மல்லர் அதுவரை வெறுங்காலோடு, லங்கோட்டோடு ஆடியவர். பாதம் புதையும் மண்ணில் பாய்ச்சல் மெதுவாகத்தான் வரும். மெத்தையில் ஷூ பிடித்து நிறுத்தும், எதிராளியின் கால்பாய்ச்சல் இரண்டு மடங்கு வேகமாக வருவதுபோல் இருக்கும். மண்ணில் லங்கோட்டைப் பற்றியும் பிடிகள் போடப்படுகின்றன, மெத்தையில் உடையைப் பிடித்தால் தவறு. அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள். மறுநாள் காலை ஒரு மணி நேரம் மண் பிரிவு வெற்றியாளருக்கு மெத்தையை ஒழித்துக் கொடுங்கள். 86 முதல் 125 கிலோ வரை ஒரே பிரிவாக இருக்கும்போது, களைத்த உடம்போடு கனத்தவரைத் தூக்கப் போனால் முதலில் போவது முழங்கால்.

ஏட்டுக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஊர், நடத்திய அமைப்பு, மண்ணிலும் மெத்தையிலும் வென்றவர்கள், இறுதியின் புள்ளிகள், வீழ்ச்சியா புள்ளியா விலகலா என்ற விவரம், மூன்று நடுவர்களின் கையெழுத்திட்ட புள்ளித்தாளின் நகல், இவை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரட்டைப் பட்டம் வந்த ஆண்டுகளில் இரண்டு பெயரையும் நடத்திய அமைப்பின் பெயரோடு எழுதுங்கள், எதையும் அழிக்க வேண்டாம். 2023 மார்ச்சில் சாங்லியில் நடந்த முதல் மகளிர் கேசரியில் வென்ற பிரதீக்ஷா பாக்டியின் பெயரும் இதே ஏட்டில் வர வேண்டும், பின்னிணைப்பில் அல்ல.

அடுத்த போட்டிக்கு நாள் குறிக்கும் முன் இரு அமைப்பும் சேர்ந்து நடுவர் குழு ஒன்றை அமைத்து, அதன் பட்டியலை வெளியிடுங்கள். உங்கள் இரு அமைப்புக்கும் இடையிலான நிர்வாக வழக்கு எவ்வளவு காலம் நீண்டாலும் நடுவர் குழு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. புள்ளித்தாள் எழுதவும், பழைய ஆண்டுகளின் பதிவுகளைத் திரட்டவும் ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
மண்ணையும் மெத்தையையும் நேசிக்கும் தமிழ் மல்யுத்தப் பயிற்றுநர்கள்