இரவில் அந்தச் சாலையில் யார் போகிறார்கள் என்று காட்டுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

சத்தியமங்கலம், ஆனைமலை புலிகள் காப்பகங்களையும் கோவை வனக்கோட்டத்தையும் பொறுப்பில் வைத்திருக்கும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்தவன். டெவலப்பர், ஹைப்போ என்ற ரசாயனங்கள் விரலிடுக்கில் மணக்க, இருட்டறையின் சிவப்பு விளக்கின் அடியில் நின்று பிரிண்ட் போட்ட கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவன். காட்டில் நீங்கள் கட்டும் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த விலங்குப் படங்களைக் கருப்பு வெள்ளையில் அச்சிட்டு எங்கள் மக்களின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் தாளவாடிச் சந்தையில் ஒரு விவசாயி என்னிடம், "ஏனுங்க, ராத்திரி முழுக்க ரோடு சும்மாத்தானுங்களே கெடக்குது, அதை எதுக்குங்க பூட்டி வெக்கறாங்க?" என்று கேட்டார். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில், 2022இல் நீதிமன்றத்தின் தலையீட்டால் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு கண்டிப்பாக நடைமுறைக்கு வந்ததிலிருந்து, முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய வண்டியோடு சோதனைச் சாவடியில் காத்துக் கிடப்பவர்களின் வருத்தம் பொய்யானதன்று. அவர் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான், ஏனென்றால் இருட்டில் அந்தச் சாலையைக் கடப்பது யார் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

காட்டுவதற்கான சான்று உங்களிடம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்புக்காக நாடெங்கும் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டு, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651, சிறுத்தை இருந்தவை 51,777. எண்ணிக்கை முடிந்ததும் இத்தகைய படங்களின் வேலையும் முடிந்துவிடுகிறது. கணினித் தட்டுகளுக்குள் அவை உறங்கப் போய்விடுகின்றன. இரவில் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் கேமராவுக்கு நிறம் தெரியாது என்பதால், அதில் பதியும் யானையும் கரடியும் கடமானும் கருப்பு வெள்ளையிலேயே நம்மிடம் வருகின்றன. புலியின் வரிகள் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக வெள்ளை ஃப்ளாஷ் பொருத்திய கேமராக்களையும் பயன்படுத்துகிறீர்கள் என்பதை அறிவேன். அந்தப் படங்களையும் நிறம் நீக்கி அச்சிடலாம் என்பது என் கருத்து.

ஏன் நீக்க வேண்டும்? வண்ணப் படத்தில் புலியைப் பார்க்கிறவர் "எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். மஞ்சளும் பச்சையும் கண்ணை இழுத்துக்கொள்வதால், அதன் விலா எலும்பும், காதில் விழுந்த கிழிசலும், பின்னால் ஓடும் கம்பி வேலியும் தப்பிவிடுகின்றன. நிறம் போனபின் மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும் தோலின் சுருக்கமும்தான் என்பதால், பார்ப்பவர் வேறு வழியின்றி அந்த விலங்கின் முகத்தையும் அது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். தவிர, எங்கள் பக்கத்துக் காடுகளில் பல உயிர்கள் ஏறக்குறைய கருப்பு வெள்ளையாகவே இருக்கின்றன: மாயாற்றுப் பள்ளத்தாக்கின் ஆண் வெளிமான், வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு, வரிக் கழுதைப்புலி, ஆனைமலையின் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு. கழுதைப்புலிக்கு எத்தனை வண்ணம் சேர்த்தாலும் காலண்டரில் இடம் கிடைக்காது. கருப்பு வெள்ளையில் அது புலிக்குச் சமமாக நிற்கும்.

இது புதிய யோசனை அன்று. 1996இல் மறைந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் கருப்பு வெள்ளையிலேயே நம் காட்டு விலங்குகளைப் பதிவு செய்து, அவற்றின் காவலுக்காக வாதாடியவர். கென்யாவில் அம்போசெலியின் யானைகளைத் தொலைநோக்கு லென்ஸ் இல்லாமல் கிட்டப் போய்க் கருப்பு வெள்ளையில் எடுத்த புகைப்படக்காரர் நிக் பிராண்ட், அந்த யானைகள் தந்தத்துக்காகக் கொல்லப்படுவதைக் கண்டு, 2010இல் காட்டுயிர்ப் பாதுகாவலர் ரிச்சர்ட் போன்ஹாமோடு சேர்ந்து பிக் லைஃப் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அது உள்ளூர் மக்களையே காவலர்களாக வேலைக்கு வைத்தது. நல்ல படம் எடுத்ததோடு அவர் நின்றிருந்தால் நான் அவர் பெயரை இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு தயக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் ஆசாரம் என்னும் முன்கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கும் கருப்பு வெள்ளைப் படம் என்றால் அது இறந்துபோன அப்புச்சியோ அம்மாயியோதான். ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த சிறிய படத்திலிருந்து அப்படி நூற்றுக்கணக்கான முகங்களைப் பெரிதாக்கி, பென்சிலால் புருவம் திருத்திக் கொடுத்தவன் நான். யானையையும் அப்படித் தொங்கவிட்டால், அது போய்ச் சேர்ந்துவிட்ட ஒன்று என்ற எண்ணம் வந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு படத்தின் அடியிலும் அது எடுக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் பெரிய எழுத்தில் போட வேண்டும். அந்த விலங்கு இப்போதும் நடமாடுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இடத்தின் பெயரையும் படத்தின் அடியில் தானாக விழும் விவரப் பட்டையையும் மட்டும் வெட்டிவிடுங்கள், வேட்டைக்காரனுக்கு அவை வழிகாட்டியாகிவிடும். விறகுக்குப் போன பெண்களும் அந்தக் கேமராக்களில் விழுந்திருப்பார்கள்; அந்தப் படங்கள் எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது.

கோவைப் பக்கத்து நிலைமை சற்று வேறு. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. அவற்றில் ஒன்று சினையாக இருந்தது. 2024இல் மதுக்கரையில் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பில், வெப்பத்தை உணரும் கேமராக்கள் தண்டவாளத்தின் பக்கம் வரும் யானைகளைக் கண்டு, ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போக வழி செய்கின்றன. கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும் அந்த வடிவங்களில் பத்தை அச்சிட்டுக் கோவை ரயில் நிலைய நடைமேடையில் வைத்தால், பாலக்காட்டு ரயிலுக்குக் காத்திருப்பவர், தான் ஏறப்போகும் வண்டி அந்த வழியில் ஏன் மெதுவாகப் போகிறது என்று தெரிந்துகொள்வார்.

நகரத்துக் குளிரூட்டிய அரங்குகளில் கண்காட்சி வேண்டாம் என்பது என் தனிப்பட்ட விண்ணப்பம். அங்கே வருபவர்கள் ஏற்கெனவே காட்டின் பக்கம் இருப்பவர்கள். பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டம் என்னும் தீமிதித் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் வரும் கூட்டம் காட்டின் வாசலிலேயே வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையின் ஓரத்தில் தட்டி கட்டி, ஆளுயரப் படங்களாக மாட்டுங்கள். தாளவாடிச் சந்தையிலும், கடம்பூர், ஆசனூர் பேருந்து நிறுத்தங்களிலும், பொள்ளாச்சிச் சந்தையிலும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் உங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் நின்று, அந்தக் கேமராவைக் கட்டப் போன கதையைச் சொன்னால் போதும், விளக்கப் பலகையே தேவைப்படாது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் ஐம்பது படங்களுக்குச் சட்டம் போடும் வேலையை நான் கூலி வாங்காமல் செய்து தருகிறேன், மரமும் கண்ணாடியும் மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் சொல்லும் அலுவலகத்துக்கு வந்து உட்காரவும் தயாராக இருக்கிறேன். பண்ணாரிக் குண்டத்துக்கு மூன்று மாதம் முன்பாகவாவது தகவல் சொன்னால் நேரம் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்