சூட் அறை காலியாக இருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை நிமித்தமாக மாதத்தில் பல இரவுகளை நட்சத்திர ஹோட்டல்களில் கழிப்பவர்கள் தமிழ்நாட்டில் இன்று ஏராளமாக இருக்கிறார்கள். மென்பொருள் துறையினர், கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பம்ப், பின்னலாடை வணிகத்துக்காக ஊர் ஊராகச் செல்பவர்கள், மருந்து நிறுவன அலுவலர்கள், தணிக்கையாளர்கள் ஆகியோரில் பலரிடம், அடிக்கடி தங்குவதால் கிடைக்கும் ஏதேனும் ஒரு ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் தகுதி இருக்கிறது. அந்தத் தகுதிக்குரிய சலுகைகளில் மிகப் பெரிதாகப் பேசப்படுவது, படுக்கையறையோடு தனி வரவேற்பறையும் கொண்ட சூட் அறைக்குக் கூடுதல் கட்டணமின்றி மாற்றித் தரும் அப்கிரேடு. அந்த வாக்குறுதி எப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது என்பதைப் பற்றி, தங்கள் நாளிதழின் வாசகர்களுக்கும் ஹோட்டல் நிர்வாகங்களுக்கும் சேர்த்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். மேரியட் ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டமான மேரியட் பான்வாயில் ஓர் ஆண்டில் 50 இரவுகள் தங்குபவர் பிளாட்டினம் நிலையை அடைகிறார். 75 இரவுகளுக்கு டைட்டானியம். பிளாட்டினம் நிலை முதல், வந்து சேரும் நேரத்தில் காலியாக உள்ள சிறந்த அறை, தேர்ந்தெடுக்கப்பட்ட சூட் அறைகள் உட்பட, தங்கும் காலம் முழுவதற்கும் தரப்படும் என்பது விதி. ஆனால், எந்தெந்த அறைகள் இந்த அப்கிரேடுக்கு உரியவை என்பதை ஒவ்வொரு ஹோட்டலும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்று அதே விதிகளில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஹயாத் குழுமத்தின் வேர்ல்டு ஆஃப் ஹயாத் திட்டத்தில் 60 இரவுகளைக் கடந்து குளோபலிஸ்ட் என்னும் உயர்நிலையை அடைந்தவருக்கு, செக்-இன் நேரத்தில் காலியாக இருந்தால் அடிப்படை வகை சூட் அறை வரை தர வேண்டும் என்கிறார்கள். இரண்டிலும் 'காலியாக இருந்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையை யார், எந்த நேரத்தில், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது மட்டும் உறுப்பினருக்குத் தெரிவதே இல்லை.

பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பெருநகர ஹோட்டலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் செக்-இன் செய்தபோது, சூட் அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று வரவேற்பில் இருந்தவர் கூறினார். அந்த ஹோட்டலின் சொந்த இணையதளத்தில், அதே இரவுக்கு மூன்று வகை சூட் அறைகள் விற்பனைக்கு இருந்ததை என் கைப்பேசியிலேயே பார்க்க முடிந்தது. அதைக் காட்டியபோது, இரவுக்கு இவ்வளவு ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால் அவற்றில் ஒன்றைத் தரலாம் என்று பதில் வந்தது. பணம் செலுத்துபவருக்கு இருக்கும் அறை, ஆண்டு முழுவதும் தங்கி அந்தத் தகுதியை ஈட்டியவருக்கு இல்லை என்பது, பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டுவிட்டு, சாப்பாடு பக்கத்து வரிசைக்கு மட்டும்தான் என்று சொல்வதைப் போன்றது. அறை கிடைக்காதது எனக்குப் பெரிய வருத்தமில்லை. இருப்பதை இல்லை என்று சொன்னதுதான் வருத்தம்.

இது வசதியானவர்களின் சிறிய மனக்குறை என்று சில வாசகர்கள் நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். ஓர் இரவுக்கு வெறும் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 50 இரவுகளுக்கு 4 லட்சம் ரூபாய் ஆகிறது. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. இந்தப் பணம் நம் கையிலிருந்தோ நம் நிறுவனத்தின் கணக்கிலிருந்தோ ஒரே குழுமத்துக்குப் போகிறது. பக்கத்துத் தெருவில் நல்ல ஹோட்டல் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும், தகுதி கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக அதைத் தவிர்த்தவர்கள் எத்தனையோ பேர். குடும்பத்தோடு வரும்போது இந்த அப்கிரேடின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். வயதான தாயாரைச் சென்னைக்குச் சிகிச்சைக்கு அழைத்து வரும் குடும்பத்துக்கு, அவர் உறங்கிய பிறகு மற்றவர்கள் மெல்லப் பேசவும் குழந்தை விழித்திருக்கவும் கதவு சாத்தப்பட்ட இன்னோர் அறை இருப்பது ஆடம்பரம் ஆகாது. அது இல்லாவிட்டால் இரண்டு அறைகள் எடுக்க வேண்டும். ஒரு சூட் அறை கிடைத்தால் அந்தச் செலவு மிஞ்சும்.

ஹோட்டல்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது; அதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. வாக்குறுதி தருபவர் ஒருவர், அதை நிறைவேற்ற வேண்டியவர் வேறொருவர் என்பதுதான் இந்தச் சிக்கலின் வேர் என்று கருதுகிறேன். நம் நாட்டில் வெளிநாட்டுப் பெயர்ப்பலகையோடு இயங்கும் ஹோட்டல்களில் பெரும்பாலானவற்றின் கட்டடமும் முதலீடும் உள்ளூர் உரிமையாளர்களுடையவை. பெயரும் முன்பதிவு அமைப்பும் லாயல்டி திட்டம் எனப்படும் உறுப்பினர் திட்டமும், பல இடங்களில் நிர்வாகமும் குழுமத்துடையவை. சென்னை கிண்டியில் 2012-இல் திறக்கப்பட்ட 600 அறைகள் கொண்ட ஐடிசி கிராண்ட் சோழா இந்த இரட்டை அமைப்புக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். அது ஐடிசி குழுமத்தின் ஹோட்டல், அதே சமயம் மேரியட்டின் லக்ஷுரி கலெக்ஷன் வரிசையிலும் இடம்பெற்று பான்வாய் உறுப்பினர்களை ஏற்கிறது. (என் மனக்குறை இந்த ஹோட்டலைப் பற்றியது அல்ல, அமைப்பை விளக்கவே குறிப்பிட்டேன்.) பணத்துக்குப் பதிலாக, தங்கிச் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து உறுப்பினர் தங்கும் இரவுக்குக் குழுமம் ஹோட்டலுக்கு ஒரு தொகையை ஈடு செய்கிறது. வரவேற்பில் இலவசமாக மாற்றித் தரும் சூட் அறைக்கு அப்படி ஈடு எதுவும் வருவதில்லை. கடைசி நேரத்தில் யாராவது பணம் கொடுத்து வாங்கமாட்டார்களா என்று உரிமையாளர் காத்திருப்பது இயல்புதான். போதாக்குறைக்கு, கட்டண அப்கிரேடு விற்கும் ஊழியருக்கு ஊக்கத்தொகை தரும் வழக்கமும் பல ஹோட்டல்களில் உண்டு. எதை விற்றால் தனக்கு வருவாயோ, அதையே இலவசமாகக் கொடுக்கும் பொறுப்பும் அதே ஊழியரிடம் இருப்பது அவருக்கும் நல்லதல்ல.

உறுப்பினர்களின் கூட்டமும் பெருகிவிட்டது. அடிக்கடி பறப்பவர்களுக்குச் சலுகை தர அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் தொடங்கிய பயணத் தூரத் திட்டத்தைப் பார்த்து, 1983-இல் ஹாலிடே இன் போன்ற ஹோட்டல்களும் இதைத் தொடங்கியபோது, உயர்நிலை உறுப்பினர் என்றால் உண்மையிலேயே அடிக்கடி தங்குபவர் என்று பொருள். இன்று கடன் அட்டை வாங்கினாலே நிலை கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் இங்கு அறிமுகமான ஹெச்டிஎஃப்சி வங்கியின் மேரியட் பான்வாய் அட்டை, தொடக்க நிலைகளில் ஒன்றான சில்வர் நிலையையும், தங்காமலே தங்கியதாகச் சேரும் ஆண்டுக்கு 10 இரவுக் கணக்கையும் தருகிறது. அமெரிக்காவில் அதே குழுமத்தின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிரில்லியன்ட் அட்டையை வைத்திருப்பவர் ஓர் இரவுகூடத் தங்காமல் பிளாட்டினம் ஆகிவிடுகிறார். டிசம்பர் மாத இசை விழாவுக்கும் திருமணங்களுக்கும் வெளிநாடுவாழ் தமிழர்கள் சென்னையில் வந்து இறங்கும்போது, ஒரே மாலையில் எத்தனை பிளாட்டினம் உறுப்பினர்கள் வரவேற்பில் நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் மணமக்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என்று சூட் அறைகள் மாதக்கணக்கில் முன்பே பதிவாகியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் 'இல்லை' என்ற பதில் உண்மையான பதில். அதில் யாரும் குறை காண முடியாது.

ஆகவே நான் கேட்பது எல்லாருக்கும் சூட் அறை வேண்டும் என்பதை அல்ல. உண்மையான 'இல்லை'க்கும் வசதிக்காகச் சொல்லப்படும் 'இல்லை'க்கும் உள்ள வேறுபாடு உறுப்பினருக்குத் தெரியும்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையே கேட்கிறேன்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஹயாத் திட்டத்தில் 50, 60 இரவுகளைக் கடப்பவர்களுக்கு வழங்கப்படும் சூட் அப்கிரேடு சான்றுகளைக் கொண்டு, முன்பதிவு செய்யும்போதே, தொடர்ந்து ஏழு இரவுகள் வரை, அடிப்படை சூட் அறையை உறுதிசெய்துகொள்ளலாம். வரவேற்பில் கெஞ்ச வேண்டியதில்லை. ஊரிலிருந்து புறப்படும்போதே எந்த அறை என்பது தெரிந்துவிடும். வயதான பெற்றோருடன் வருபவருக்கு இந்த உறுதியை விட மதிப்பு மிக்கது எதுவுமில்லை என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். மேரியட்டின் இரவு அப்கிரேடு சான்றுகள் இந்த அளவுக்கு உதவுவதில்லை. வருகைக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவற்றுக்குப் பதில் தெரியவரும், அதுவும் பல நேரங்களில் மறுப்பாகவே இருக்கும். சான்று உறுப்பினர் கணக்குக்குத் திரும்பிவிடும் என்பது ஆறுதல்தான். ஆனால் குடும்பத்துக்கு எத்தனை அறை போடுவது என்ற முடிவை அதற்குள் எடுத்தாக வேண்டியிருக்கிறதே! அதே திட்டத்தில், நகர ஹோட்டல்களில் பிளாட்டினம் உறுப்பினருக்கு மாலை 4 மணி செக்-அவுட் உறுதியாகத் தரப்படுகிறது. வரவேற்புப் பரிசைத் தரத் தவறினால் இழப்பீடும் விதிக்கப்பட்டிருக்கிறது. உறுதியாக எழுதப்பட்ட சலுகைகள் தகராறின்றி நிறைவேறுகின்றன. தகராறெல்லாம் தளர்வாக எழுதப்பட்ட இந்த ஒன்றில்தான்.

சட்டத்தின் பார்வையையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரத்தில் சொன்ன முக்கியமான செய்தியை, கீழே சிறிய எழுத்தில் போடும் மறுப்புரை மறைக்கவோ அதற்கு முரணாகவோ இருக்கக் கூடாது என்பது அந்நெறிகளில் ஒன்று. அடுத்த மாதமே, உணவுக் கட்டணத்தில் தானாகச் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது என்று ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் அதே ஆணையம் அறிவுறுத்தியது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகளை உறுதிசெய்தது. சூட் அறை கிடைக்காததற்காக யாரும் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய எழுத்தில் சூட் அறை என்று விளம்பரம் செய்துவிட்டு, எந்த அறை அதற்கு உரியது என்பதைக்கூட வெளியிடாமல் இருப்பது அந்த நெறிகளின் நோக்கத்துக்குப் பொருந்துகிறதா என்பதைக் குழுமங்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

உறுப்பினர்களுக்கும் சில கடமைகள் உண்டு. தரகு இணையதளங்களில் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பதிவு செய்துவிட்டு, வரவேற்பில் தகுதியைக் காட்டி உரிமை கோருவது சரியல்ல. அத்தகைய பதிவுகளுக்குச் சலுகைகள் பொருந்தா என்று விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஹோட்டலின் செயலியிலோ இணையதளத்திலோ பதிவு செய்து, வருகைக்கு ஓரிரு நாட்களுக்கு முன், யார் யார் வருகிறோம், ஏன் கூடுதல் இடம் தேவைப்படுகிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால், அறைகளை ஒதுக்குபவர் காலையிலேயே அதைக் கவனிக்க வாய்ப்பு உண்டு. வணிக ஹோட்டல்கள் செவ்வாய் முதல் வியாழன் வரை நிரம்பி வழிவதும் வார இறுதியில் காற்றாடுவதும் வழக்கம் என்பதால், நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புள்ளவர்கள் அதையும் கருதலாம். அப்கிரேடு உறுப்பினர் தங்கும் ஓர் அறைக்கு மட்டுமே உரியது. உடன் வரும் உறவினர்களின் அறைகளுக்கும் கேட்டு வாதிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முக்கியமாக ஒன்று. வரவேற்பில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஹோட்டல் நிர்வாகப் படிப்பை அண்மையில் முடித்த இளைஞர்கள். எந்த அறையைத் தரலாம், எதை விற்பனைக்கு வைக்க வேண்டும் என்பதை வருவாய்ப் பிரிவும் பொது மேலாளரும் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுக்கான ஏச்சை மட்டும் இவர்கள் வாங்குகிறார்கள். பிளாட்டினம் என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, இருபது வயதுப் பிள்ளையிடம் குரலை உயர்த்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியதைப் பணிவாகக் கேட்டு, பதில் திருப்தியளிக்காவிட்டால் மேலாளருக்கும் குழுமத்துக்கும் எழுத்தில் தெரிவிப்பதே முறை.

ஹோட்டல் நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. தங்கள் ஹோட்டலில் எந்தெந்த வகை சூட் அறைகள் உறுப்பினர் அப்கிரேடுக்கு உரியவை என்பதைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். வருகை நாளின் காலையில், அன்றைய நிலவரத்தைச் செயலி வழியே உறுப்பினருக்குத் தெரிவியுங்கள். பணத்துக்கு விற்பதற்காக ஓர் அறையை ஒதுக்கி வைத்திருந்தால், அதை நிரம்பிவிட்டது என்று சொல்லாமல், விற்பனைக்கு வைத்திருக்கிறோம் என்றே சொல்லுங்கள். இம்மூன்றுக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு ஆகாது. வரும் டிசம்பர் நெரிசலுக்கு முன்பாகவே சென்னை ஹோட்டல்கள் முதல் வேண்டுகோளையாவது நிறைவேற்ற முடியும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
பணி நிமித்தம் பயணிக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்.