ஒரியானா அம்மா, அந்தக் கூடாரத்துக்குள் ஏன் போகவில்லை?

அன்புள்ள ஒரியானா ஃபல்லாச்சி அம்மாவுக்கு,

இத்தாலியப் பத்திரிகையாளரான உங்களைப் படித்துத்தான் பேட்டி எடுப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். அதனால்தான், நீங்கள் 2006இலேயே மறைந்துவிட்டாலும், இந்த வருத்தத்தை உங்களிடமே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் உங்கள் ஊரான ஃப்ளோரன்ஸை ஜெர்மன் படை பிடித்தபோது உங்களுக்கு 14 வயது. பாசிச எதிர்ப்புக் குழுவுக்காக சைக்கிளில் சேதி கொண்டுபோனீர்கள். அதிகாரத்தின் முன்னால் கூசாத அந்தக் குணம் கடைசிவரை உங்களை விடவில்லை. 1972இல் உங்களிடம் பேசிய அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸிஞ்சர், குதிரையில் தனியாக முன்னே போகும் கௌபாய் என்று தன்னைச் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அதே ஆண்டு இந்திரா காந்தி உங்களிடம் பாகிஸ்தான் அதிபர் புட்டோவைக் குறைத்துப் பேச, புட்டோ உங்களை வரவழைத்து இந்திராவை ஏசித் தீர்த்தார். இரு நாடுகளும் போருக்குப் பின் செய்துகொண்ட சிம்லா ஒப்பந்தத்துக்குச் சில மாதங்களே இருந்தன. புட்டோ அப்படியெல்லாம் பேசவில்லை என்று நீங்களே எழுதித் தர வேண்டுமென பாகிஸ்தான் அதிகாரிகள் உங்களை விரட்டினார்கள். நீங்கள் மசியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1979இல் ஈரானின் கோம் நகரில் நடந்தது. உடல் முழுவதையும் மூடும் இந்தச் சாதரோடு எப்படி நீந்துவது என்று ஈரான் புரட்சியின் தலைவர் கொமெய்னியிடமே கேட்டீர்கள். பிடிக்காவிட்டால் அணிய வேண்டாம் என்று அவர் சொன்ன நொடியில் அதைக் கழற்றி எறிந்தீர்கள். அவர் எழுந்து போனார். நீங்கள் நகரவில்லை. அவர் மறுபடி வந்து உட்கார்ந்ததும், விட்ட இடத்திலிருந்தே, சாதரிலிருந்தே, தொடங்கினீர்கள். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேனோ!

அப்படிப்பட்ட நீங்கள், 2001 செப்டம்பர் 29 அன்று 'கொரியேரே தெல்லா செரா' நாளிதழில் எழுதியதைப் படித்தபோது மனம் நொந்துபோனேன். இரட்டைக் கோபுரம் இடிந்த துயரம் புரிகிறது. அதற்காக முஸ்லிம்கள் எல்லோரையும் சேர்த்து வெறுக்கலாமா? உங்கள் ஊர்க்காரரான பத்திரிகையாளர் திட்சியானோ தெர்சானி அடுத்த மாதமே அதே நாளிதழில் உங்களுக்கு மறுப்பு எழுதினார். நான் அவர் பக்கம்தான்.

அந்தக் கட்டுரையில், 2000ஆம் ஆண்டுக் கோடையில் ஃப்ளோரன்ஸ் பேராலயத்தின் அருகே சோமாலியர்கள் போட்ட கூடாரத்தைப் பற்றி அத்தனை ஆத்திரமாக எழுதினீர்கள். பயண ஆவணம் வேண்டும், சொந்தபந்தங்களை வரவழைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். நீங்கள் சைக்கிள் ஓட்டிய அதே ஊர். ஆனால் நீங்கள் எழுதியதில் அந்தக் கூடாரத்திலிருந்து ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. கொமெய்னியிடம் கேட்க உங்களுக்கு அத்தனை கேள்வி இருந்ததே அம்மா, அங்கே படுத்திருந்த ஒருவரிடம் கேட்க ஒன்றுகூட இல்லையா?

இப்படிக்கு,
உங்கள் பேட்டிகளை இன்றும் படிக்கும் ஒருத்தி