"மோஷன் போச்சா?" என்று கேட்ட சிஸ்டருக்கும் மற்றவர்களுக்கும்

முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து இன்றோடு மூன்று வாரம். கீழ்முதுகில் எல்4-எல்5 என்கிற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கி, இடது கால் கட்டைவிரல் வரை சுண்டி இழுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு நாலு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். நடக்கிறேன், நன்றாக இருக்கிறேன். விசாரித்த எல்லோருக்கும் ஆபரேஷன் கதையைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியது வேறு ஒரு விஷயத்துக்கு. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து நாளாக நான் வெளிக்குப் போகவில்லை. ரவுண்ட்ஸ் வந்தவர்கள் காலைத் தூக்கச் சொன்னார்கள், விரலை மடக்கச் சொன்னார்கள், வலி பத்துக்கு எத்தனை என்றார்கள். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்று நாலு இட்லியை ஒன்றாகக் குறைத்ததுதான் என் வைத்தியம். வயிறு கல் மாதிரி உப்பி, தையல் போட்ட இடத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

ஐந்தாம் நாள் ராத்திரி, நைட் டியூட்டி சிஸ்டர், சார்ட்டைப் புரட்டிவிட்டு நேராகக் கேட்டீர்கள்: "அண்ணா, மோஷன் போச்சா?" பக்கத்து பெட்காரர் காதில் விழுமே என்று எனக்கு வெட்கம். நீங்கள் விடவில்லை. உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, யூரின் தடையில்லாமல் போகிறதா என்று கேட்டீர்கள். மரத்துப் போனதாகவோ அடைத்ததாகவோ சொல்லியிருந்தால் அந்த நேரத்திலேயே சர்ஜனுக்குப் போன் போயிருக்குமாம், நரம்பு அழுந்தினாலும் இப்படி ஆகுமாம்.

அப்புறம்தான் வலிக்குக் கொடுத்த டிராமடால் மாத்திரை பற்றிச் சொன்னீர்கள். அந்த வகை மருந்து மூளையில் வலியை அடக்குகிற மாதிரியே குடல் சுவரிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், குடல் அசைவது குறையும், மலம் உள்ளேயே தங்கித் தண்ணீர் வற்றி இறுகிவிடும். வாந்திக்குப் போட்ட ஆண்டான்செட்ரானும் தன் பங்குக்கு மலத்தைக் கட்டும். டிராமடால் தருகிற குமட்டல் நாலு நாளில் பழகிவிடும், இந்த மலக்கட்டு பழகாது. நான் அசடு, மாத்திரைதான் காரணமா என்று சந்தேகப்பட்டு அன்று மதியமே ஒன்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்திருந்தேன். திட்டினீர்கள். "வலியில படுத்தே கிடந்தீங்கன்னா குடலும் படுத்துக்கும்ணா." பெரியம்மா ஆசையாகக் கொண்டுவந்த இசப்கோலையும் அப்போதைக்கு எடுத்து வைக்கச் சொன்னீர்கள், குடல் அசையாமல், தண்ணீரும் குடிக்காமல் கிடக்கும்போது அது ஊறி இன்னும் அடைத்துக்கொள்ளுமாம். டியூட்டி டாக்டரைக் கேட்டு, மலம் இளகிப் போக ராத்திரி பிசகோடைல் மாத்திரை, லாக்டுலோஸ் சிரப், விடிந்ததும் ஆசனவாயில் வைக்கிற மருந்து. மறுநாளே டாக்டர் டிராமடாலைக் குறைத்து, வேளாவேளைக்குப் பாராசிட்டமால் எழுதினார்.

பிசியோதெரபி தம்பி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டை மாதிரி புரண்டு எழச் சொல்லிக் கொடுத்தாயே, அது இல்லாவிட்டால் அன்று பாத்ரூம் வரை போயிருக்கவே மாட்டேன். முக்கினால் முதுகில் மின்னல் அடித்தது. மூச்சை அடக்காமல் வாய்வழியாக ஊதச் சொன்னதும் நீதான்.

ஆயாம்மா, காலை ஐந்தரைக்கு நான் வெஸ்டர்னில் உட்கார்ந்து கால் சரியாக ஊன்றாமல் தவித்தபோது, எங்கிருந்தோ ஒரு குட்டை மரப்பலகையை எடுத்து வந்து காலடியில் தள்ளிவிட்டு, "அவசரமில்ல சாமி, கதவ சாத்திட்டு இங்கதான் நிக்கேன்" என்றீர்கள். முட்டி கொஞ்சம் உயர்ந்ததும், சரி, இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. வெளியே வந்தபோது பக்கத்து பெட் அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கும் நன்றி, ஐந்து நாளும் கேட்காத மாதிரியே இருந்ததற்கு.

ஆயாம்மா, ஒரு விஷயம். டிஸ்சார்ஜ் ஆன அவசரத்தில் என் மனைவி அந்தப் பலகையையும் பையோடு சேர்த்து வண்டியில் ஏற்றிவிட்டாள். தினமும் காலையில் அதன்மேல்தான் காலை வைக்கிறேன். அடுத்த மாதம் ரிவ்யூவுக்கு வரும்போது கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து தருகிறேன், அதுவரை தேடாதீர்கள்.